‘இதே துப்பாக்கிதான்’ என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில் 1985ஆம் ஆண்டு இரண்டு உணவக மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் ஒருவர், ஜூலையில் இன்னொருவர். சம்பவத்தை நேரில் பார்த்தவர் இல்லை. கைரேகை இல்லை. ஜூலைக் கடைசியில் மூன்றாவதாக ஓர் உணவகத்தில் சுடப்பட்ட மேலாளர் மட்டும் உயிர் பிழைத்தார். அவர் அடையாளம் காட்டிய நபர் அந்தோணி ரே ஹிண்டன். அந்த நேரத்தில் ஹிண்டன் பூட்டிய கிடங்கு ஒன்றில் இரவு வேலையில் இருந்தார் என்று சொல்லச் சாட்சிகள் இருந்தார்கள். ஆனால் அவருடைய அம்மாவின் வீட்டில் ஒரு பழைய .38 ரிவால்வர் இருந்தது. மூன்று சம்பவங்களிலும் கிடைத்த ஆறு குண்டுகளும் அந்த ரிவால்வரிலிருந்தே வந்தவை என்று மாநில ஆய்வக நிபுணர்கள் சொன்னார்கள். இரண்டு கொலைகளோடும் ஹிண்டனைச் சேர்த்துக் கட்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

ஹிண்டனின் வழக்கறிஞர், தன் தரப்பு நிபுணருக்கு 1,000 டாலருக்கு மேல் நீதிமன்றம் தராது என்று நினைத்துக்கொண்டார். அந்த உச்சவரம்பை சட்டம் ஏற்கனவே நீக்கிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைத்தவர் ஒரு சிவில் இன்ஜினியர். ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். நுண்ணோக்கியைக் கையாளவே சிரமப்பட்டதாக அவரே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. குண்டுகள் அந்த ரிவால்வரோடு பொருந்தவில்லை என்று அவர் சொன்னது சரி. ஆனால் ஜூரி அவரை நம்பவில்லை. ஹிண்டனுக்கு மரண தண்டனை.

2002ல், முன்னாள் எஃப்பிஐ ஆய்வக அதிகாரி ஒருவர் உட்பட மூன்று நிபுணர்கள் அதே குண்டுகளைப் பார்த்துவிட்டு, இவற்றை அந்த ரிவால்வரோடு பொருத்தவே முடியாது என்று சாட்சி சொன்னார்கள். அதற்கு அப்புறமும் 12 ஆண்டுகள் ஓடின. 2014ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹிண்டனின் வழக்கறிஞர் செய்த அந்தத் தவறு சட்டப்படி பொறுக்கத்தக்கதல்ல என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. மறு ஆய்வில் அரசுத் தரப்பின் சொந்த நிபுணர்களாலேயே பொருத்திக் காட்ட முடியவில்லை. 2015 ஏப்ரல் 3 அன்று ஹிண்டன் வெளியே வந்தார். கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் அவர் சிறையில் கழித்திருந்தார்.

ஒரே குண்டுகள், ஒரே ரிவால்வர். முதலில் பார்த்தவர்களுக்குப் பொருந்தியது, பின்னால் பார்த்தவர்களுக்குப் பொருந்தவில்லை. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, நிபுணர் நுண்ணோக்கியில் உண்மையில் எதைப் பார்க்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தோட்டா என்று நாம் சொல்வதில் நமக்கு வேண்டிய பாகங்கள் இரண்டு. முன்னால் பாய்ந்து போவது குண்டு. பின்னால் தங்குவது பித்தளை உறை. சுட்ட பிறகு அது காலி உறை. இரண்டிலும் துப்பாக்கி தன் அடையாளத்தைப் பதிக்கிறது. ரிவால்வர், பிஸ்டல், ரைஃபிள் ஆகியவற்றின் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டே போனால்தான் குறி தப்பாமல் போகும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடுகள் குண்டின் உடம்பில் அழுந்திக் கோடு போடுகின்றன. காலி உறையின் அடியில் சுடும் ஊசி குத்திய குழி இருக்கும். வெடித்த வேகத்தில் உறை பின்னால் போய் மோதிய இரும்புச் சுவரின் சொரசொரப்பும் அங்கே பதிந்திருக்கும். தானியங்கித் துப்பாக்கி என்றால் உறையை இழுத்து வெளியே எறியும் கொக்கியின் கீறலும் சேர்ந்துகொள்ளும்.

இந்த அடையாளங்களில் ஒரு வகை, துப்பாக்கியின் வடிவமைப்பிலேயே இருப்பவை. குழலின் விட்டம், பள்ளங்களின் எண்ணிக்கை, அகலம், சுழலும் திசை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் வழக்கமாக ஐந்து பள்ளங்கள், வலப்புறச் சுழற்சி. கோல்ட் ரிவால்வர் என்றால் ஆறு, இடப்புறச் சுழற்சி. குண்டில் ஆறு இடப்புறக் கோடுகள் இருந்து, பிடிபட்ட துப்பாக்கி வலப்புறம் சுழல்வது என்றால் அத்தோடு முடிந்தது. அது இந்தத் துப்பாக்கி இல்லை. இந்த ‘இல்லை’யில் பெரிய தகராறு எதுவும் கிடையாது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளிகளில் சிலர் போலீஸ் சீருடையில் வந்திருந்தார்கள். ஆகவே போலீசாரே சுட்டிருப்பார்களோ என்ற சந்தேகம் ஊர் முழுக்க இருந்தது. கால்வின் காடர்ட் என்ற நிபுணர் போலீசாரின் தாம்சன் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, அவை இல்லை என்று விலக்கினார். துப்பாக்கி ஆய்வு நீதிக்குச் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

தகராறு ‘ஆம்’ என்று சொல்லும்போதுதான். வடிவமைப்பு அடையாளங்கள் எல்லாம் ஒத்துப்போனால், அதே ரகத் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் இருக்குமே, அவற்றில் இது எது என்ற கேள்வி வரும். அதற்கு நிபுணர் நம்புவது மிக நுண்ணிய கீறல்களை. குழலை வெட்டிய கருவி தேய்ந்துகொண்டே வந்திருக்கும். துரு, சுத்தம் செய்த கம்பி, ஆண்டுக்கணக்கான பயன்பாடு எல்லாம் குழலுக்குள் தம் பங்குக்குக் கீறியிருக்கும். ஆக, ஒவ்வொரு குழலும் தனி என்பது இந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கை. பிடிபட்ட துப்பாக்கியால் தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ பஞ்சுப் பெட்டிக்குள்ளோ சுட்டு, சேதமில்லாத மாதிரிக் குண்டை எடுப்பார்கள். சம்பவ இடத்துக் குண்டை ஒரு பக்கமும் மாதிரிக் குண்டை மறு பக்கமும் வைத்து, ஒப்பீட்டு நுண்ணோக்கியின் ஒரே பார்வையில் இரண்டையும் கொண்டுவந்து, கோடுகள் ஓடிச் சேர்கின்றனவா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஒரே துப்பாக்கியில் சுட்ட இரண்டு குண்டுகளில் கோடுகள் அச்சு அசலாக ஒன்றாகத்தானே இருக்கும் என்று வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் தோன்றும். அப்படி இருப்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஆல்ஃபிரட் பியாசோட்டி 1950களில் .38 ரிவால்வர்களை வைத்து எண்ணிப் பார்த்தார். ஒரே ரிவால்வரில் சுட்ட ஈயக் குண்டுகளில்கூட ஏறத்தாழ 36 முதல் 38 சதவீதக் கோடுகள்தான் பொருந்தின. வெவ்வேறு ரிவால்வர்களில் சுட்டவற்றிலும் 15 முதல் 20 சதவீதக் கோடுகள் தற்செயலாகவே பொருந்தின. அதாவது உண்மையான ஜோடியிலும் பெரும்பாலான கோடுகள் பொருந்தா. பொய்யான ஜோடியிலும் கணிசமானவை பொருந்தும். எங்கே கோடு கிழிப்பது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. தொடர்ச்சியாக ஆறு கோடுகள் ஒரே தொகுதியாகவோ, மூன்று மூன்றாக இரண்டு தொகுதிகளாகவோ பொருந்தினால்தான் ஏற்பது என்று ஆழமான கீறல்களுக்கு ஓர் எண்ணிக்கை விதியைப் பியாசோட்டியும் அவரைப் பின்பற்றியவர்களும் உருவாக்கினார்கள். ஆனால் அது கட்டாயமில்லை. பல நிபுணர்கள் எண்ணுவதும் இல்லை.

அவர்கள் பின்பற்றுவது 1969ல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கி ஆய்வாளர் சங்கம் 1992ல் வகுத்த அளவுகோலை. இரண்டு குறிகளுக்கும் நடுவே ‘போதுமான ஒப்புமை’ இருந்தால் ஒரே துப்பாக்கி எனலாம். சரி, போதுமானது என்றால் எவ்வளவு? வேறு வேறு துப்பாக்கிகளின் குறிகளில் தாம் இதுவரை கண்ட மிக நெருக்கமான ஒற்றுமையையும் மிஞ்சுகிற அளவு. அதைத் தீர்மானிப்பது யார்? நிபுணரின் பயிற்சியும் அனுபவமும். சுற்றிச் சுற்றி இது நிபுணரிடமே வந்து நிற்கிறது. கைரேகை ஆய்வு, கையெழுத்து ஆய்வு எல்லாவற்றிலும் மனிதத் தீர்ப்பு உண்டுதான். ஆனால் இங்கே அந்தத் தீர்ப்பை வெளியாள் ஒருவர் சரிபார்க்க எந்த எண்ணும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஒரே கருவியால் அடுத்தடுத்து வெட்டப்பட்ட பத்துக் குழல்களில் அந்தக் கருவியின் ஓரத்தில் இருந்த பிசிறு பத்திலும் ஒரே மாதிரிக் கோடு போட்டிருக்கலாம். அது ரகத்தின் அடையாளமும் இல்லை, தனித் துப்பாக்கியின் அடையாளமும் இல்லை. அந்தச் சிறு தொகுதிக்கு மட்டும் உரியது. அதைத் தனி அடையாளம் என்று நினைத்துவிட்டால், நிரபராதியின் துப்பாக்கி கொலையாளியின் துப்பாக்கியோடு அழகாகப் பொருந்திவிடும்.

நிபுணர் சொல்லே வேதம் என்று நம்பியதால் வந்த வினை இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1915ல் நியூயார்க் மாநிலத்தில் சார்லஸ் ஸ்டீலோ என்ற பண்ணைத் தொழிலாளி மீது இரட்டைக் கொலை வழக்கு. அவருடைய .22 ரிவால்வரில் இருந்த கீறல்கள் குண்டிலும் இருக்கின்றன என்று ஆல்பர்ட் ஹாமில்டன் என்பவர் சாட்சி சொன்னார். பட்டம் எதுவும் இல்லாமல் பல துறைகளில் தன்னை நிபுணர் என்று அறிவித்துக்கொண்டவர் அவர். ஸ்டீலோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. ஆளுநர் அமைத்த விசாரணையில் சார்லஸ் வெய்ட் என்ற அதிகாரியும் நுண்ணோக்கி நிறுவனம் ஒன்றின் வல்லுநரும் சேர்ந்து பார்த்தபோது அந்தக் குண்டு அந்த ரிவால்வரிலிருந்து வந்திருக்கவே முடியாது என்று தெரிந்தது. 1918ல் அவர் விடுதலையானார். அந்த அதிர்ச்சியில்தான் வெய்ட் துப்பாக்கித் தயாரிப்பாளர்களிடம் அளவுகளைத் திரட்ட ஆரம்பித்தார். காடர்ட், ஃபிலிப் கிராவெல் போன்றவர்கள் சேர்ந்துகொள்ள, ஒப்பீட்டு நுண்ணோக்கி இந்த வேலைக்கு வந்தது. தவறான அடையாளத்தை ஒழிக்கப் பிறந்த துறை இது.

அப்புறம் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்கள் எதுவும் கேட்கவில்லை. ‘உலகில் வேறெந்தத் துப்பாக்கியும் இல்லை, இதேதான்’ என்று நிபுணர்கள் சொல்ல, ஜூரிகள் தலையாட்டினார்கள். 2008ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு, ஒவ்வொரு துப்பாக்கியின் குறியும் தனித்தன்மை உடையது, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் என்ற அடிப்படைகள் இன்னும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்றது. அதே ஆண்டு டெட்ராய்ட் போலீஸ் ஆய்வகத்தின் 200 துப்பாக்கி வழக்குகளைத் தணிக்கை செய்தார்கள். 19 வழக்குகளில் பிழை. ஆய்வகத்தையே மூடினார்கள். 2009ல் தேசிய அறிவியல் கழகம் தடய அறிவியல் முழுவதையும் பற்றி இன்னும் கடுமையாக எழுதியது.

தாங்கள் சோதிக்கப்படவே இல்லை என்ற குற்றச்சாட்டைத் துப்பாக்கி நிபுணர்கள் ஏற்பதில்லை. அவர்கள் காட்டும் பிரபலமான சோதனை, அடுத்தடுத்து வெட்டப்பட்ட பத்து ரூகர் பிஸ்டல் குழல்களை வைத்து நடத்தியது. எந்தக் குழலில் சுட்டது என்று தெரிந்த மாதிரிகளும், 15 தெரியாத குண்டுகளும் கொடுக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் பல நாடுகளைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டவர்கள் செய்து பார்த்தார்கள். தவறான அடையாளம் ஒன்றுகூட இல்லை என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் தெரியாத ஒவ்வொரு குண்டுக்கும் உரிய குழல் கையில் இருக்கும் பத்தில் ஒன்றாகவே இருந்தது. பள்ளிக்கூடத் தேர்வில் வரும் ‘பொருத்துக’ கேள்விதான் இது. நாலு தெரிந்தால் ஐந்தாவது தானாக விழுந்துவிடும். நிஜ வழக்கில் சரியான விடை மேசையில் இல்லாமலும் போகலாம். கொலையாளியின் துப்பாக்கி ஆற்றில் கிடக்க, ஆய்வகத்துக்கு வந்திருப்பது வேறு யாருடையதோ என்றும் இருக்கலாம். அந்த நிலைமையைச் சோதிக்காத தேர்வு எதையும் நிரூபிக்காது.

2016ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இதைத்தான் சொன்னது. அதுவரை நடந்தவற்றில் ஒரே ஒரு சோதனை மட்டுமே ஒழுங்காக வடிவமைக்கப்பட்டது என்று அது கணித்தது. அமெரிக்க அரசின் ஏம்ஸ் ஆய்வகம் நடத்திய அந்தச் சோதனையில் 218 நிபுணர்கள் காலி உறைகளை ஒப்பிட்டார்கள். வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்த ஜோடிகள் 2,178. அவற்றில் 22ஐ ‘ஒரே துப்பாக்கி’ என்று தவறாகச் சொன்னார்கள். அந்த 22ல் 20 தவறுகள் ஐந்தே பேர் செய்தவை. இன்னும் 735 ஜோடிகளுக்கு ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்று எழுதினார்கள். தீர்மானமாகச் சொன்னவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 66க்கு 1 தவறு. புள்ளிவிவர நிச்சயமின்மையைச் சேர்த்தால் 46க்கு 1 வரைகூடப் போகலாம் என்றது குழு.

66க்கு 1 என்பது பயங்கரமான எண் அல்ல. மற்ற சாட்சியங்களோடு சேர்த்து வைத்தால் நல்ல சான்று. ஆனால் ‘பிழையே வராது’ என்று நூறாண்டு சொல்லி வந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அந்த 735ஐ எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் இப்போதைய சண்டை முழுவதும் இருக்கிறது. நிபுணர்கள் தரப்பு, தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்வது பிழையல்ல என்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. சிதைந்த குண்டைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்பவரைக் குறை சொல்ல முடியாது. புள்ளியியலாளர்கள் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். உண்மையில் வேறு துப்பாக்கியிலிருந்து வந்த உறைகளில் மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று சொல்ல முடியாத முறையை, அவை அனைத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மதிப்பிடலாமா? சோதனை என்று தெரிந்தால் கஷ்டமானதற்கெல்லாம் ‘தெரியவில்லை’ என்று எழுதித் தப்பிக்கலாம். நிஜ வழக்கில், புலனாய்வு அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கும்போது, அதே நிபுணர் அதே போல எழுதுவாரா? நான் இந்தக் கேள்வியின் பக்கம்தான் சாய்கிறேன். ஹூஸ்டன் தடய அறிவியல் மையம், சோதனை என்று தெரியாதபடி போலி வழக்குகளை நிஜ வழக்குகளோடு கலந்து தன் நிபுணர்களுக்கே அனுப்புகிறது. அங்கே தவறான அடையாளம் வரவில்லை. ஆனால் சுமார் 40 சதவீத முடிவுகள் ‘இயலவில்லை’ என்றே வந்தன. இப்படித் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஆய்வகத்தின் வார்த்தையைத்தான் மதிக்கத் தோன்றுகிறது.

அடுத்து ஏம்ஸ் ஆய்வகமும் எஃப்பிஐயும் சேர்ந்து 173 நிபுணர்களை வைத்து நடத்திய இரண்டாவது சோதனை. தவறான பொருத்தம் குண்டுகளில் 0.7 சதவீதம், உறைகளில் 0.9 சதவீதம் அளவில் வந்தது. அதே சோதனையில் இன்னொன்றையும் பார்த்தார்கள். முன்பு பார்த்த குண்டுகளையே, சொல்லாமல், அதே நிபுணருக்குத் திரும்ப அனுப்பினார்கள். ஒரே துப்பாக்கியின் குண்டுகளில் 79 சதவீத முறைதான் பழைய முடிவையே சொன்னார்கள். வெவ்வேறு துப்பாக்கிகளின் குண்டுகளில் 64.7 சதவீதம். வேறொரு நிபுணருக்கு அனுப்பியபோது, வெவ்வேறு துப்பாக்கிகளின் குண்டுகளில் இருவர் முடிவும் ஒத்துப்போனது 30.9 சதவீதம்தான். மாறியவற்றில் பெரும்பாலானவை ‘இல்லை’க்கும் ‘தெரியவில்லை’க்கும் நடுவே நடந்தவை என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆனாலும், ஒரே பொருளைப் பார்க்கும் இரு நிபுணர்கள் இவ்வளவு வேறுபட்டால், ஜூரி முன் ஒருவர் மட்டும் நின்று அடித்துச் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த எண்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தீர விசாரித்த தீர்ப்பு, மேரிலாந்து உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தந்தது. அப்ருக்வா எதிர் மேரிலாந்து மாநிலம். 2012ல் நடந்த கொலை. குற்றம் சாட்டப்பட்டவரின் டாரஸ் ரிவால்வரிலிருந்தே குண்டுகள் வந்தன என்று நிபுணர் எந்த நிபந்தனையும் இல்லாமல் சொல்லியிருந்தார். 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், அப்படிச் சொல்ல அனுமதித்தது தவறு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குறிகள் இந்தத் துப்பாக்கியின் குறிகளோடு ஒத்துப்போகின்றன என்று சொல்லலாம். இதிலிருந்துதான் வந்தது என்று சொல்ல, இன்றைய ஆய்வுகள் போதவில்லை. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை என்பதே இது எவ்வளவு கடினமான கேள்வி என்று காட்டுகிறது.

இதற்கு முன்பே சில நீதிபதிகள் தனித்தனியாக இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். 2008ல் நியூயார்க் நீதிபதி ஜெட் ராக்காஃப், ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்கு மேல் நிபுணர் போகக் கூடாது என்றார். 2019ல் வாஷிங்டனில் ஒரு நீதிபதி, இந்தத் துப்பாக்கியை விலக்க முடியவில்லை என்று மட்டும் சொல்ல அனுமதித்தார். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் 2023ல் ஒரு நீதிபதி அந்தச் சாட்சியத்தை முழுவதுமாகவே வெளியே தள்ளினார். அது அதிகப்படி என்பது என் எண்ணம். ஒப்புமை என்பது சான்றுதான். அதை ஜூரியின் காதில் விழாமலே செய்வது வேறொரு விதமான தவறு. பெரும்பாலான அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் இந்தச் சாட்சியத்தை ஏற்கின்றன. ஆனால் ‘நூறு சதவீதம்’, ‘உலகிலுள்ள மற்றெல்லாத் துப்பாக்கிகளையும் விலக்கி’ என்ற பேச்சை மத்திய நீதித்துறையே தன் நிபுணர்களுக்குத் தடை செய்துவிட்டது.

இனி நம் பக்கம். இந்தியாவில் ஜூரி இல்லை. நீதிபதியே சாட்சியத்தை எடை போடுகிறார். நிபுணர் கருத்துக்கு இடம் தருவது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 39ஆம் பிரிவு. பழைய வழக்குகளில் துப்பாக்கி நிபுணரின் சொல் பெரும் எடை பெற்றது. 1957ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த காலுவா வழக்கில், இறந்தவருக்கு அருகே கிடந்த காலி உறையும் குற்றம் சாட்டப்பட்டவர் எடுத்துக் கொடுத்த நாட்டுப் பிஸ்டலும் பொருந்துகின்றன என்ற நிபுணர் சாட்சியம் தண்டனைக்கு முக்கியத் தூணாக இருந்தது. நிபுணர் எத்தனை முறை தவறுவார் என்று கேட்கும் பழக்கம் அப்போது பரவலாக இல்லை.

நாட்டுத் துப்பாக்கி என்பது தனிச் சிக்கல். தண்ணீர்க் குழாயையோ வண்டியின் ஸ்டீயரிங் கம்பியையோ அறுத்துச் செய்த குழலில் சுருள் பள்ளம் இருக்காது. குண்டு தளர்வாக அங்குமிங்கும் மோதிக்கொண்டு போகும். ஒரு முறை விழும் கீறல் மறுமுறை விழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. ‘12 போர்’ என்ற குழல் அளவுக்கான தோட்டா என்றால் சிறு ரவைகள். அவற்றை ஒப்பிட்டு ஒன்றும் ஆகாது. மிஞ்சுவது காலி உறையில் ஊசி குத்திய குழி. அரத்தால் கையில் ராவிச் செய்த ஊசி என்பதால் அந்தக் குழி விசித்திரமான வடிவத்தில் இருக்கும். ஆலை ஊசியைவிட இது தனித்துத் தெரியும் என்பது நிபுணருக்குச் சாதகம். ஆனால் மட்டமான இரும்பு, பத்து முறை சுட்டால் முனை மாறிவிடும். ஏம்ஸ் சோதனைகளில் பயன்பட்டவை ஆலையில் செய்த துப்பாக்கிகள். அங்கே வந்த பிழை விகிதத்தை அப்படியே எடுத்து உத்தரப் பிரதேசத்தில் ‘கட்டா’ என்று சொல்லும் நாட்டுத் துப்பாக்கிக்கு ஒட்ட முடியாது.

இந்தியாவில் துப்பாக்கிச் சாட்சியம் எவ்வளவு இழுபறிக்கு உள்ளாகும் என்று நாடே பார்த்தது மாடல் ஜெசிகா லால் கொலை வழக்கில். 1999 ஏப்ரல் 29க்கும் 30க்கும் இடைப்பட்ட இரவில் டெல்லி மெஹ்ராலியில் ஓர் உணவகத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு குண்டு கூரையை நோக்கி, அடுத்தது அவர்மீது என்பது அரசுத் தரப்பு வழக்கு. இரண்டு .22 காலி உறைகள் கிடைத்தன. பிஸ்டல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. துப்பாக்கி கையில் இல்லாமல் திட்டமாக எதுவும் சொல்ல முடியாது என்று ஜெய்ப்பூர் ஆய்வக நிபுணர் முதலில் அறிக்கை எழுதினார். பிறகு நீதிமன்றத்தில், உறைகளை அங்கேயே பார்க்க வைத்துக் கேட்டபோது, இரண்டும் வெவ்வேறு துப்பாக்கிகளில் சுடப்பட்டவை போலத் தெரிகின்றன என்றார். ‘இரண்டு துப்பாக்கி’ என்ற அந்த வாதம் 2006 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாக ஒரு காரணமாக நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றி, முக்கியக் குற்றவாளியான மனு சர்மாவைத் தண்டித்தது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த நிபுணர் மீது பொய்ச் சாட்சி நடவடிக்கையும் தொடங்கப்பட்டது. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அடிப்படையைச் சொல்லி, தீர்மானமாக அல்லாமல், ஒரு கருத்தைச் சொன்னதற்காக ஒரு நிபுணரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் நிலைப்பாடு. எனக்கு இந்தத் தீர்ப்பு முக்கியமாகப் படுகிறது. நிபுணர் சொல்வது கருத்து என்று நீதிமன்றமே சொல்லிவிட்டால், அரசுத் தரப்புக்குச் சாதகமாக வரும் ‘இதே துப்பாக்கிதான்’ என்பதும் அதே வகைக் கருத்துதானே? அதற்கும் அதே அளவுக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

நடைமுறையில் அவை கேட்கப்படுவதில்லை. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 329ஆம் பிரிவு, அரசு ஆய்வக இயக்குநர் நிலை அதிகாரிகளின் அறிக்கையை, அவர்களைக் கூண்டுக்கு அழைக்காமலே சான்றாக ஏற்க இடம் தருகிறது. அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டால்தானே? இலவசச் சட்ட உதவியில் வரும் வழக்கறிஞருக்கு நுண்ணோக்கி தெரிந்த ஒருவரைக் கூட்டி வருவது இங்கேயும் எட்டாத காரியம். ஹிண்டனின் வழக்கறிஞருக்கு 1,000 டாலராவது இருந்தது. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 176(3) சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம். ஆக, நீதிமன்றங்களுக்கு வரப்போகும் அறிக்கைகள் இன்னும் கூடத்தான் செய்யும்.

அப்படி வரும் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு 1999ல் ஜெய் லால் வழக்கில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. அது துப்பாக்கி வழக்கு அல்ல, ஆப்பிள் தோட்டங்கள் தொடர்பான வழக்கு. முடிவின் துல்லியத்தைச் சோதித்துப் பார்க்கத் தேவையான அறிவியல் அளவுகோல்களை நீதிபதியின் கையில் தருவது நிபுணரின் கடமை, அப்போதுதான் நீதிபதி சொந்தமாக முடிவெடுக்க முடியும் என்றது நீதிமன்றம். துப்பாக்கி அறிக்கைக்கு அதைப் பொருத்தினால்: ஒப்பீட்டு நுண்ணோக்கிப் படங்கள் இணைப்பில் இருக்க வேண்டும், பொருந்திய கோடுகளோடு பொருந்தாத கோடுகளும் குறிக்கப்பட வேண்டும், அடுத்தடுத்துத் தயாரான துப்பாக்கிகளுக்குப் பொதுவான குறியா என்று பார்த்தாரா என்பது எழுதப்பட வேண்டும், முதல் நிபுணர் என்ன சொன்னார் என்று தெரியாத இரண்டாவது நிபுணர் தனியாகப் பார்த்திருக்க வேண்டும், வாக்குமூலமும் புலனாய்வு அதிகாரியின் சந்தேகமும் நிபுணரின் மேசைக்கு வந்தனவா என்பதும் பதிவாக வேண்டும். இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. நிபுணர் கருத்துக்கான அடிப்படைகளும் வழக்குக்குத் தொடர்புள்ளவை என்று 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்லிவிட்டது; புதிய சட்டத்தில் அதுவே 45ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கூண்டில் நிற்பவருக்காக வாதாடும் வழக்கறிஞர் அந்தப் பிரிவைக் காட்டி நிபுணரை அழைக்கக் கோரலாம், இன்றே.